திருட்டுப் போனால் தானே சொல்லும் போன்

1

போன வாரம் புதுப் போன் வாங்கப் போனேன். ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஒரு சின்னக் கடை. கவுண்டருக்குப் பின்னால் நின்ற மலையாளக்காரர் போனை என்னிடம் தராமல் தன் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணின் அருமை பெருமைகளைச் சொல்வதுபோல அடுக்கிக்கொண்டே போனார். கேமரா, பாட்டு, ரேடியோ எல்லாம் முடிந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தினார். இந்தப் போனை யாராவது திருடிக்கொண்டு போய் வேறு சிம் கார்டு போட்டால், திருடனுக்கே தெரியாமல் அவன் நம்பரிலிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்துவிடுமாம். அதைப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். அதற்குத் தனியாகக் காசு கிடையாதாம்.

பக்கத்தில் நின்ற என் மகள் யாழினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஓசியில் தருவதை வேண்டாம் என்று சொல்லும் ஆளை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருக்க வேண்டும். பாவம், போனில் ஏதோ குறை கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து இன்னொரு கலரை எடுத்துக் காட்டினார்.

அந்த வசதி வேலை செய்யாது என்பதால் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மிக நன்றாகவே வேலை செய்யும். போன வருஷம் எங்கள் குடும்பத்துக்குள் புகுந்து அது எப்படி வேலை செய்தது என்பதை ஊரில் இருக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். சொல்லவேண்டிய கடமை ஒன்றும் இருக்கிறது. அது கடைசியில் வரும்.

2

நான் இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வந்து பதினோரு வருஷம் ஆகிறது. சொந்த ஊர் பாடாலூரிலிருந்து உள்ளே நாலு மைல். என் அக்கா தனம் அங்கேதான் இருக்கிறாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அரிசி, பருப்பு, முட்டை இருக்கும் அறையின் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும். அவள் வீட்டுக்காரர் கோவிந்தராசு மாமாவுக்குப் பாடாலூர் ரோட்டோரத்தில் ஒரு உரக்கடையில் வேலை. மாமா நல்லவர். ஆனால் கண்ணாடி எங்கே இருந்தாலும் ஒருமுறை நின்று மீசையைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அது பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடியாக இருந்தாலும் சரி.

போன வருஷம் லீவுக்குப் போனபோது அக்காவுக்கு ஒரு போன் வாங்கிக்கொண்டு போனேன். கலர் திரை, கேமரா எல்லாம் உள்ளது. வாங்கி வந்து திறந்து பார்த்தால் உள்ளே எல்லாமே அரபி எழுத்து. எனக்கு அரபி பேசத் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. எனக்குத் தெரிந்தது நோயாளி அரபி. எங்கே வலிக்கிறது, வாயைத் திற, காலையில் சாப்பிட்டாயா, இவ்வளவுதான். வந்த புதிதில் ஒரு பெரியவரிடம் அவர் இதயம் நன்றாகத் துடிக்கிறது என்று சொல்லப்போய், ஒரு எழுத்தின் உச்சரிப்புப் பிசகி, "உங்கள் நாய் நன்றாகத் துடிக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அவர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார். ரத்த அழுத்தம்கூடக் குறைந்தது. அப்படிப்பட்ட நான் அரபி எழுத்தைப் படிப்பதாவது.

யாழினி படிப்பாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. இங்கே பள்ளிக்கூடத்தில் அரபி கட்டாயப் பாடம். தமிழ் அவளுக்கு எழுதவும் வராது, படிக்கவும் வராது. பேசுவாள். அதிலும் சோறு போதும் என்பதற்குப் பதில் "கலாஸ்" என்பாள், கிளம்பலாம் என்பதற்கு "யல்லா" என்பாள். ஊரிலிருந்து அக்கா கூப்பிட்டால் "நல்லாருக்கேன் பெரியம்மா" என்று ஒரே வரியைச் சொல்லிவிட்டுப் போனை என் கையில் திணித்துவிட்டு ஓடுவாள். தமிழும் ஊரும் அவளுக்கு விட்டுப்போய்விடுமோ என்று வந்த புதிதில் நான் பயந்தது எங்கள் வீட்டில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டிருந்தது.

நான் பெட்டியைத் தராசில் வைத்து எடுப்பதும், எதை எடுத்து வெளியே போடுவது என்று யோசிப்பதுமாக இருந்தபோது அவள் அந்தப் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். திருட்டுப் போனால் மெசேஜ் வருகிற வசதியை அவள்தான் கண்டுபிடித்தாள். முதலில் போடுகிற சிம் கார்டைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு, அது மாறினால்தான் போன் வாயைத் திறக்குமாம். என் நம்பரைப் போட்டாள். என்ன மெசேஜ் வரவேண்டும் என்பதையும் தன் சொந்த அரபியில் எழுதினாள். எழுதிவிட்டு என்னிடம் வந்து, "அம்மா, போனுக்குப் பூட்டு போட்டுட்டேன்" என்றாள். நான் சரி சரி என்றேன். என் கவனமெல்லாம் பெட்டியில் கூடுதலாக இருந்த இரண்டு கிலோவின் மேல் இருந்தது.

3

ஆவணியில் ஒரு நல்ல முகூர்த்த நாள். நான் டூட்டியில் இருந்தேன். அக்கா ரோட்டோர பூத்திலிருந்து கூப்பிட்டு, திருப்பிக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு வைத்தாள். குரலே சரியில்லை. கூப்பிட்டேன். போன் காணாமல் போய்விட்டது.

காலையில் எப்போதும்போல வயர் கூடையில் போனைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். அப்படித்தான் அவள் சொன்னாள். கூடையை அரிசி இருக்கிற அறையில் ஆணியில் மாட்டியிருக்கிறாள். பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு முடித்துப் பார்த்தால் போன் இல்லை. இன்னொரு வாத்தியாரம்மாவின் போனிலிருந்து அடித்துப் பார்த்தால் சுவிட்ச் ஆப். அழுதுகொண்டே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள்.

ஸ்டேஷனில் பில் கேட்டிருக்கிறார்கள். நல்லவேளையாக பில் இருந்தது. அது அரபியில் இருந்தது. எழுதுகிறவர் அதை நேராகவும் தலைகீழாகவும் பார்த்துவிட்டு, இதில் எது விலை, எது தேதி என்று கேட்டிருக்கிறார். பிறகு போனுக்கென்று ஒரு பதினைந்து இலக்க நம்பர் இருக்கும், அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும், அதைக் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறார். அட்டைப்பெட்டியில் அக்கா வளையல் போட்டு வைத்திருந்தாள். ஒட்டியிருந்த சீட்டு அழகாக இல்லை என்று கிழித்துப் போட்டுவிட்டாளாம். கடைசியில் மனுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. யார்மேலாவது சந்தேகம் இருக்கிறதா என்று எழுத வேண்டும்.

அதற்குத்தான் அக்கா என்னைக் கூப்பிட்டது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றாள். நான் பேஷண்டுக்கு மருந்து கொடுக்க வேண்டிய அவசரத்தில் இருந்தேன்.

"அந்த ரூமுக்குள்ள யார் யார் வருவாங்க?" என்று கேட்டேன்.

"நானும் அஞ்சலையுந்தான்."

"அப்புறம் என்னக்கா யோசிக்கிற. அவ பேர எழுதிக் குடு."

இவ்வளவுதான் நான் சொன்னது. சொல்லிவிட்டு மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அஞ்சலை அந்தச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். காய் நறுக்குவது, அரிசி களைவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவள். எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. எனக்கும் அவள் அக்கா முறைதான். அவள் அம்மாவும் எங்கள் அம்மாவும் ஒரே கடலைக் காட்டில் கூலிக்குப் போனவர்கள். கடலை பறித்து முடித்து வரப்பேறும்போது ஒவ்வொரு பெண்ணும் நின்று மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கடலை ஒன்றிரண்டு கீழே விழுந்தால் காட்டுக்காரர் பேசுகிற பேச்சைக் கேட்க முடியாது. அம்மா ஒருநாளும் எடுத்ததில்லை. ஆனாலும் தினமும் உதறினாள். நானும் அக்காவும் அதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றிருக்கிறோம். வீட்டுக்கு வந்து பாவாடையை உதறி உதறி அதையே விளையாட்டாகவும் விளையாடியிருக்கிறோம்.

அஞ்சலையை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். காலையில் போய் சாயங்காலம்வரை ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அடிக்கவில்லை, மிரட்டக்கூட இல்லை. ஐந்தாறு தடவை ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. அக்காவும் கூப்பிடவில்லை. ஊரில் அவரவர் வீட்டில் எப்போதோ காணாமல் போன தோடு, தூக்குச்சட்டி எல்லாவற்றுக்கும் அஞ்சலை பெயர் கிடைத்தது.

4

அந்த நாட்களில் எனக்குத் தினமும் காலையில் மருத்துவமனை வேனுக்காக நிற்கும்போது ஒரு மெசேஜ் வரும். அரபியில் இருக்கும். எனக்கு அரபியில் வருகிற மெசேஜ் எல்லாம் விளம்பரம்தான். ரம்ஜான் தள்ளுபடி, சோபா தள்ளுபடி, பல் டாக்டர் தள்ளுபடி. எழுத்தைப் பார்த்ததும் அழித்துவிடுவேன். நம்பரைப் பார்த்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். என் கணவரும் அதையேதான் கேட்டார். பிறகு அவர் போனை வாங்கிப் பார்த்தால் அவரும் அப்படித்தான் அழித்துக்கொண்டிருந்தார், வேறு யாரோ அனுப்பிய சோபாவை.

யாழினியிடம் போன் காணாமல் போனதை நாங்கள் சொல்லவில்லை. ஊர் விஷயம் எதையும் அவளிடம் சொல்வதில்லை. அவளும் கேட்பதில்லை. கேட்கமாட்டாள் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம் என்பது பின்னால்தான் புரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, விடுமுறை. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மேஜைமேல் இருந்த என் போன் சத்தம் போட்டது. சாப்பிட உட்கார்ந்திருந்த யாழினி எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, பெரியம்மா போன் அழுவுது" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் படித்துத் தமிழில் சொன்னாள். "நான் திருட்டுப் போயிட்டேன். யாரோ என்னைத் தூக்கிட்டுப் போறாங்க. சீக்கிரம் வா." அவள் எழுதியதுதான். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் 'நான்' என்று தொடங்கி வாக்கியம் எழுதப் பழகியிருந்தார்களாம். கீழே பார்த்தேன். நம்பர் இந்திய நம்பர். தோசை கருகியதை நான் மறுநாள் அந்தக் கல்லைக் கழுவும்போதுதான் கவனித்தேன்.

பன்னிரண்டு நாள். பன்னிரண்டு காலையும் அந்தப் போன் என்னைக் கூப்பிட்டிருக்கிறது. நான் சோபா என்று நினைத்து அழித்திருக்கிறேன்.

5

அந்த நம்பரைக் கூப்பிட்டேன். திருடனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வணக்கம் என்றுதான் தொடங்கினேன். ஷார்ஜாவிலிருந்து பேசுகிறேன், உங்கள் கையில் இருக்கிற போன் என் அக்காவுடையது என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல், பயப்படுவதற்குப் பதிலாகக் கோபமாக வந்தது.

"நீங்கதானா அது? ஏங்க, தெனம் காலைல போன தொறந்தா பேலன்ஸ் எறங்குதுங்க. யாருக்கும் பேசல, ஒண்ணுமில்ல. கடக்காரன்கிட்ட ரெண்டு தடவ சண்ட போட்டுட்டேன். கம்பெனிக்குப் போனப் போட்டுக் கேட்டா வெளிநாட்டுக்கு மெசேஜ் அனுப்பிருக்கீங்கன்றான். எனக்கு வெளிநாட்டுல யாருங்க இருக்கா?"

அவர் பெயர் சேகர். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். வண்டியில் தூங்கப் போகும்போது போனை அணைத்துவிட்டு, காலையில் எழுந்ததும் போடுவார். போட்டதும் அது ஒருமுறை எனக்கு அழுதுவிடும், அவர் செலவில். தான் திருடவில்லை என்று சத்தியம் செய்தார். அந்த முகூர்த்த நாளன்று அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற பஸ்ஸில் கூட்டமாம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இடம் கிடைத்து உட்கார்ந்தால், சீட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் போன் செருகிக்கொண்டு கிடந்ததாம். கண்டக்டரிடம் கொடுத்திருக்க வேண்டும், ஆசைப்பட்டுவிட்டேன் என்றார். அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது.

எனக்குக் குழம்பியது. பள்ளிக்கூடத்தில் திருட்டுப் போன போன் எப்படி அரியலூர் பஸ்ஸுக்குப் போகும்? அஞ்சலை அன்று முழுக்கப் பள்ளிக்கூடத்தில்தானே இருந்தாள்? வேறு ஏதாவது பொருள் பக்கத்தில் கிடந்ததா என்று கேட்டேன்.

"பக்கத்துல ஒண்ணுமில்லங்க. உள்ள போட்டோ இருக்கு. ஏழு போட்டோ. எல்லாம் ஒரே ஆளு. பெரிய மீச, கூலிங் கிளாஸு, நீலக் கட்டம் போட்ட சட்ட. பஸ்ஸு சன்னலோரமா ஒக்காந்துட்டுத் தானே புடிச்சிருக்காரு. ஒண்ணுல காது மட்டுந்தான் இருக்கு."

அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை நான் ஷார்ஜாவிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தது.

உரக்கடை நம்பருக்கு அடித்தேன். மாமாதான் எடுத்தார். போன் கிடைத்துவிட்டது என்றேன். அப்படியா, நல்லதாப் போச்சு மலரு என்றார். குரலில் மகிழ்ச்சி இல்லை. அஞ்சலையே கொண்டுவந்து கொடுத்துவிட்டாளா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்கு எரிச்சலை மூட்டியது. இல்லை மாமா, அதில் ஏழு போட்டோ இருக்கிறதாம், ஏழிலும் நீங்கள்தானாம் என்றேன்.

பின்னால் யாரோ யூரியா கேட்பது காதில் விழுந்தது. மாமா அவரிடம் ஸ்டாக் இல்லை என்றார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"போட்டோ நல்லா வந்திருக்காமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் உண்மையைச் சொன்னார். அரியலூரில் ஒரு கல்யாணம். அங்கே நாலு பேர் பார்க்கப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக ஆசை. கேட்டால் அக்கா தரமாட்டாள். காலையில் அவள் கிளம்புவதற்கு முன்னால் கூடையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டு, அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் வீட்டில் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். பஸ்ஸிலிருந்து இறங்கி, கல்யாண வீட்டு வாசலில் பையைத் தொட்டுப் பார்த்தால் போன் இல்லை. பந்தியில் உட்கார்ந்தும் ஒரு வாய் இறங்கவில்லையாம்.

"வூட்டுக்கு வந்ததும் சொல்லிடணும்னுதான் வந்தேன் மலரு. செருப்பக் கழட்டுறதுக்குள்ள அவளே ஒரு ஆளக் கண்டுபுடிச்சு எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கிறா. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? ஒருநாள் தள்ளிப்போச்சு. மறுநாள் அஞ்சலைய ஸ்டேசனுக்குக் கூப்பிட்டாங்க. அப்புறம் வாயே வரல."

"அந்த ஆளக் கண்டுபுடிச்சது அக்கா இல்ல மாமா" என்றேன். "நாந்தான்."

அதற்குப் பிறகு இருவருக்கும் ஒருவரை ஒருவர் திட்ட முடியவில்லை. சாயங்காலத்துக்குள் அக்காவிடம் அவரே சொல்லிவிட வேண்டும் என்றேன். சொல்லிவிட்டார். அக்கா கத்தவில்லையாம். சோற்றைப் போட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாளாம். கை கழுவியதும், வாங்க, அஞ்சலை வூட்டுக்குப் போவணும் என்று எழுந்துவிட்டாளாம்.

அஞ்சலை வாசலில் நின்றே கேட்டிருக்கிறாள். உள்ளே வரச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போன் கைக்கு வந்துவிட்டதா என்றாள். இன்னும் வரவில்லை, நாளைக்குப் போய் வாங்கி வருவேன் என்றார் மாமா. வந்ததும் வாங்க என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

6

மறுநாள் மாமா அரியலூர் போய் போனை வாங்கி வந்தார். சேகர் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டாராம். டீயும் வாங்கிக் கொடுத்தாராம். அந்த ஏழில் எது நன்றாக இருக்கிறது என்பதில் இருவருக்கும் கருத்து ஒத்துப்போயிற்று என்று மாமா பிறகு சொன்னார்.

வந்தபிறகு அக்காவுக்குப் புது சிம் போட்டார்கள். போட்ட நிமிஷம் எனக்கு மெசேஜ். நான் திருட்டுப் போயிட்டேன், சீக்கிரம் வா. சொந்தக்காரியே வந்து தூக்கிக்கொண்டாலும் அதற்கு அடையாளம் தெரியவில்லை. அதை நிறுத்த வேண்டுமானால் உள்ளே போய் ரகசிய எண்ணைக் கொடுக்க வேண்டும். எண் யாழினிக்குத் தெரியும், அவள் பிறந்தநாள். ஆனால் உள்ளே போகிற வழியெல்லாம் அரபி. போன் மாமா கையில்.

உரக்கடைப் போனில் மாமா, இங்கே யாழினி. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமா எழுத்துகளைப் பார்த்துச் சொல்வார். ஒரு கொக்கி, அதுக்குக் கீழ ரெண்டு புள்ளி, அப்புறம் அருவா மாதிரி ஒண்ணு. இவள் நோட்டில் வரைந்து பார்ப்பாள். "பெரியப்பா, அருவா எந்தப் பக்கம் பாக்குது?" என்பாள். அவர் தெற்கே பார்க்கிறது என்பார். இவளுக்குத் தெற்கு என்றால் என்னவென்று தெரியாது. "உங்க சோத்துக் கை பக்கமா?" என்று கேட்டாள். அந்த வார்த்தை அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இடையில் தவறான இடத்தில் அமுக்கி மாமா மூன்றுமுறை அலாரம் வைத்துவிட்டார். ஒருமுறை அந்த ஏழு போட்டோவையும் அழிக்கப் பார்த்தார், அவரே பதறிப்போய் நிறுத்தினார்.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. யாழினி அவ்வளவு நேரம் தமிழ் பேசி நான் பார்த்ததில்லை. கடைசியில் திரை ஆங்கிலத்துக்கு மாறியதும் மாமா அந்தப் பக்கம் விசிலடித்தார். வைக்கப்போகும் நேரத்தில் அவள் கேட்டாள், "பெரியப்பா, அந்த அஞ்சலை பெரியம்மாகிட்ட ஸாரி சொல்லிட்டீங்களா?" அவளிடம் எதையும் சொல்லவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை நான் பேசிய அத்தனையையும் கேட்டிருக்கிறாள்.

7

போனை எடுத்துக்கொண்டு அக்காவும் மாமாவும் மறுபடி அஞ்சலை வீட்டுக்குப் போனார்கள். அவள் போனை வாங்கிப் பார்த்தாள். அதை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கையில் பிடித்தாளாம். பிறகு, ஸ்டேஷனில் இருக்கிற காகிதத்தில் என் பெயர் இருக்கிறதே, அதைக் கிழித்துவிட்டு வாருங்கள் என்றாள்.

ஸ்டேஷனில், வாங்கிய மனுவைக் கிழிக்க முடியாது என்றார்கள். போன் அரியலூரில் கிடைத்தது என்றதும், அப்படியானால் அங்கே எழுதித் தரவேண்டாமா என்று ஒருவர் சந்தேகம் கிளப்பினார். அதுபற்றி அரைமணி நேரம் பேச்சு நடந்தது. கடைசியில், நடந்ததை இன்னொரு மனுவாக எழுதிக் கொடுங்கள், பழையதோடு சேர்த்து வைத்துக்கொள்கிறோம் என்று முடிவாயிற்று. மாமா எழுதினார். இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரை குத்தி வாங்கிவந்தார்.

அதை அஞ்சலையிடம் கொடுத்தபோது அவள் வாங்கவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது என்றாள். நீங்களே படியுங்கள், இங்கே வேண்டாம், பள்ளிக்கூடத்தில் படியுங்கள் என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டு வேளை. அக்கா எனக்கு மிஸ்டு கால் கொடுத்தாள். நான் திருப்பிக் கூப்பிட்டதும் போனை அணைக்காமல் கையில் பிடித்துக்கொண்டாள். நான் மருந்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். தட்டுச் சத்தம், பிள்ளைகள் சத்தம், வாத்தியார் அதட்டுகிற சத்தம். தெருப் பெண்களும் வந்து நின்றிருந்தார்களாம். பிறகு மாமாவின் தொண்டைச் செருமல். ஐயா அவர்கள் சமூகத்துக்கு என்று தொடங்கினார். போனை என் மனைவிக்குத் தெரியாமல் கூடையிலிருந்து எடுத்துச் சென்றவன் நானே, பஸ்ஸில் தவறவிட்டவனும் நானே, சமையல் உதவியாளர் அஞ்சலைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று படித்தார். அந்த மீசைக்கு ஏற்ற குரல் அல்ல அது.

அப்போது அஞ்சலையின் குரல் கேட்டது. நிதானமாகச் சொன்னாள்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல. இன்னொருவாட்டி படிங்க."

மாமா இன்னொருமுறை படித்தார். இந்தமுறை சத்தமாக.

பிறகு யாரோ போனை வாங்குவது தெரிந்தது. அஞ்சலைதான்.

"மலரு, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அஞ்சலக்கா."

"ஸ்டேசன்ல பெஞ்சில ஒக்கார வெச்சு அதத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. துபாய்லேந்து தங்கச்சியே போன்ல சொல்லிருச்சாம், நீதான்னு. அப்படின்னாங்க. நம்ம தெருப் புள்ள, அது சொல்லிருக்குமான்னு நான் நம்பல. தனத்துக்கிட்டக் கேட்டேன். ஆமான்னுச்சு. ஒங்க மாமா படிச்சிட்டாரு. ஒன்னோடது எப்ப?"

லீவு கிடைத்ததும் வருகிறேன் என்றேன். சரி என்று போனை அக்காவிடம் கொடுத்துவிட்டாள். மறுநாள் வேலைக்கு வந்துவிட்டாளாம். அரிசி அறையின் இன்னொரு சாவியை அக்கா அவளிடம் கொடுத்திருக்கிறாள். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை, இன்றுவரை.

லீவுக்கு இரண்டுமுறை எழுதினேன். ஆள் இல்லை என்று இரண்டுமுறையும் திருப்பிவிட்டார்கள். இப்போது கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் வருகிறேன். ஒரு மத்தியானம், பிள்ளைகள் சாப்பிடுகிற நேரத்துக்குப் பள்ளிக்கூடத்துக்கு வருவேன். வாயால் சொல்வதற்கு முன்னால் எழுத்திலும் இருக்கட்டும். அஞ்சலக்கா, எந்த விவரமும் கேட்காமல், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், முதலில் உன் பெயரைச் சொன்னது நான்தான்.

யாழினியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. நான் சொல்லும்போது பக்கத்தில் நின்று கேட்கட்டும்.